அந்த முள்ளுப் பந்தை யார் பார்த்தது?

(இது எபிசோடின் எழுத்து வடிவம். பேசும்போது வந்த இழுவைகளையும் திரும்பச் சொன்னவற்றையும் எடுத்துவிட்டு, படிக்க வசதியாகக் கொஞ்சம் திருத்தியிருக்கிறேன்.)

இன்னைக்கு ஒரு படத்தோட வரலாறு. நீங்க எல்லாரும் ஆயிரம் தடவை பார்த்த படம்.

2020 மே முதல் வாரத்துக்குப் போவோம். கோயம்பேடு மார்க்கெட்டில் கொரோனா பரவியது தெரிந்து, மே 5-ஆம் தேதி மார்க்கெட்டை மூடினார்கள். அதுக்குள்ள அங்கே மூட்டை தூக்கினவங்க, கடையில வேலை பார்த்தவங்க பாதிப் பேர் காய்கறி லாரியிலும் கிடைச்ச வண்டியிலும் சொந்த ஊருக்குக் கிளம்பிட்டாங்க. அந்த ஊர்கள் எது? கடலூர், விழுப்புரம், அரியலூர், எங்க பெரம்பலூர். அதுவரை அரியலூர் மாவட்டத்துல கேஸ் ரொம்பக் குறைவு. மே முதல் வாரத்தில் ஒரே நாளில் நூறுக்கு மேல ஏறியது. கோயம்பேட்டுல இருந்து வந்தவர்னு தெரிஞ்சா தெருவே ஒதுங்கி நின்ற காலம் அது.

இப்போ இன்னொரு தேதி சொல்றேன். 2020 பிப்ரவரி 19. அன்னைக்கு அமெரிக்காவின் 'சயின்ஸ்' இதழ் ஒரு கட்டுரையை வெளியிட்டது. கொரோனா வைரஸ் மேல முள்ளு மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கே, அந்த ஸ்பைக் புரதத்தோட முப்பரிமாண வடிவம் அதுல இருந்தது. அதாவது, காய்கறி லாரியில ஏறி அந்த வைரஸ் அரியலூருக்கு வர்றதுக்கு இரண்டரை மாசம் முன்னாடியே, அதோட முள்ளு எப்படி மடிஞ்சிருக்கு, எந்த நுனியால நம்ம செல்லைப் பிடிக்குதுன்னு உலகத்துக்குத் தெரியும்.

அப்போ ஊர்ல பலர் கேட்ட கேள்வி: "அந்த முள்ளுப் பந்தை எவனாச்சும் கண்ணால பார்த்திருக்கானா? இல்ல எல்லாம் கிராபிக்ஸா?" கேலியா கேட்டாலும், அது சரியான கேள்வி. இன்னைக்கு எபிசோட் அந்தக் கேள்விக்கான பதில்தான். பதிலின் ஒரு பகுதி சென்னை கிண்டியில இருக்கு, இன்னொரு பகுதி திருப்பதி பக்கத்து அகத்தி மரத்துல இருக்கு.

படம் வேற, பதிவு வேற

முதல்ல, டிவியில ஓடின அந்தச் சாம்பல் நிறப் பந்து, சிவப்பு முள்ளு, அது ஓவியம்தான். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தில் வேலை பார்த்த இரண்டு மருத்துவ ஓவியர்கள் 2020 ஜனவரியில வரைந்தது. நிறம் எல்லாம் அவங்க கொடுத்தது. ஒளியோட அலைநீளத்தை விட வைரஸ் சின்னது, அதனால அந்த அளவுல நிறம்னு ஒண்ணு கிடையாது. நம்ம கண்ணுக்குத் தெரியுற ஒளியோட அலைநீளம் 400 நானோமீட்டர்ல தொடங்குது. கொரோனா வைரஸ் ஏறக்குறைய 100 நானோமீட்டர். சாதாரண மைக்ராஸ்கோப்பை எவ்வளவு பெரிசாக்கினாலும் பிரயோஜனம் இல்லை.

அதுக்காகத்தான் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப். எலக்ட்ரானோட அலைநீளம் அணுவை விடவே சின்னது. 1930களில் ஜெர்மனியில் உருவான கருவி அது. 1939-லேயே புகையிலைத் தேமல் வைரஸை அதில் பார்த்துவிட்டார்கள். 2020-ல இந்தியாவிலும் பார்த்தார்கள். கேரளாவில் கண்டறியப்பட்ட நாட்டின் முதல் நோயாளியின் தொண்டை மாதிரியிலிருந்து, புனே தேசிய வைராலஜி நிறுவனம் ஒரு வைரஸ் துகளைப் படம் எடுத்தது. குறுக்களவு 75 நானோமீட்டர். சுற்றிலும் முள்ளு மங்கலா தெரியும். ஆக, "யாராச்சும் பார்த்தாங்களா"ங்கற கேள்விக்கு முதல் பதில்: ஆமா, புனேயில பார்த்தாங்க.

ஆனா அந்தப் படம் எப்படி எடுத்ததுன்னு தெரிஞ்சுக்கணும். வைரஸ் மேல கன உலோக உப்புக் கரைசலை ஊத்தி உலர்த்திடுவாங்க. எலக்ட்ரான் அந்த உப்பில்தான் மோதும். வைரஸ் இருக்கிற இடம் வெளுப்பாகத் தெரியும். எங்க ஊர்க்காரங்களுக்கு இது ஈஸியாப் புரியும். காரை பக்கம் மழை அரிச்ச பள்ளத்துல நடந்தா, கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்னாடி அங்க கடல் இருந்தப்போ வாழ்ந்த அம்மோனைட் சுருளோட அச்சு கல்லுல கிடைக்கும். உயிரி போயிடுச்சு, அதோட அச்சுதான் நம்ம கையில. உப்புல எடுத்த வைரஸ் படமும் அப்படித்தான். வெளி உருவம் கிடைக்கும். உள்ளே புரதம் எப்படி மடிஞ்சிருக்குன்னு கிடைக்காது. போதாக்குறைக்கு, உலர்த்தும்போது வைரஸ் நசுங்கவும் செய்யும்.

தோசைக்கல்லும் திரவ நைட்ரஜனும்

அப்போ வைரஸை உலர்த்தாம, அது இருக்கிற தண்ணியோடயே பார்க்கணும். இதுல ஒரு சிக்கல். எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் உள்ள வெற்றிடம். தண்ணி ஆவியாகிடும். சரி, உறைய வைக்கலாம்னா, தண்ணி உறையும்போது ஐஸ் படிகம் உருவாகும். அந்தப் படிகம் புரதத்தைக் குத்திக் கிழிக்கும், எலக்ட்ரானையும் சிதறடிக்கும்.

இதுக்கு வழி கண்டவர் சுவிட்சர்லாந்துக்காரர் ஜாக் துபொஷே. 1980களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் ஹைடல்பர்க் ஆய்வகத்தில். அவர் யோசனை எளிமையானது: படிகம் உருவாக நேரம் வேணும், அந்த நேரத்தையே கொடுக்கக்கூடாது. நுண்ணொடியில உறைய வச்சா, தண்ணி மூலக்கூறுகள் ஒழுங்கா வரிசையில நிக்கிறதுக்குள்ள அப்படியே நின்னுடும். கண்ணாடி மாதிரி ஆயிடும்.

இதுல ஒரு நுணுக்கம். திரவ நைட்ரஜன்ல நேரா முக்கினா வேலைக்கு ஆகாது. ஏன்? சூடான தோசைக்கல்லுல தண்ணி தெளிச்சுப் பாருங்க. துளி உடனே ஆவியாகாம, கல்லு மேல உருண்டு ஆடும். அடியில ஆவி ஒரு மெத்தை மாதிரி தாங்கிக்குது. நைட்ரஜன்ல முக்குற சாம்பிளுக்கும் அதேதான். அதுக்கு நம்ம அறை வெப்பநிலையே பெரிய சூடு. சாம்பிளைச் சுத்தி நைட்ரஜன் கொதிச்சு வாயு மெத்தை போட்டுடும், குளிர் உள்ள போக நேரமாகும். அதனால நைட்ரஜனை வச்சு ஈத்தேன் வாயுவைத் திரவமாக்கி, அந்த ஈத்தேன்ல முக்கினாங்க. 1984-ல துபொஷே குழு, சாயம் இல்லாம, உலர்த்தாம, கண்ணாடித் தண்ணியில நிக்கிற வைரஸ்களோட படங்களை 'நேச்சர்' இதழில் வெளியிட்டது. கிரையோ எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பின் வரலாறு இங்கே நிஜமாகத் தொடங்குது.

இரைச்சலுக்குள்ள சிக்னல்

இனிமே வர்றது என் ஏரியா. நான் சாஃப்ட்வேர்ல வேலை பார்க்கிறவன். இந்தக் கதையை நான் எடுத்ததுக்குக் காரணமே, பாதிக்கு மேல இது சாஃப்ட்வேர் கதைங்கறதுதான்.

எலக்ட்ரான் கற்றை புரதத்தைச் சிதைக்கும். அதனால ரொம்பக் குறைவான எலக்ட்ரானைத்தான் செலுத்தலாம். இருட்டு ரூம்ல ஃப்ளாஷ் இல்லாம போன்ல எடுத்த போட்டோ மாதிரி, படம் முழுக்கப் புள்ளி புள்ளியா இரைச்சல். அதுக்கு நடுவுல வைரஸ் இருக்கா இல்லையான்னே சந்தேகம் வரும். தீர்வு நமக்குத் தெரிஞ்சதுதான்: சராசரி. ஒரே பொருளோட ஆயிரக்கணக்கான மங்கல் படங்களை ஒண்ணு மேல ஒண்ணா சரியா வச்சா, இரைச்சல் ஒண்ணையொண்ணு அடிச்சுக்கும், சிக்னல் சேர்ந்துக்கிட்டே போகும்.

ஆனா ஒவ்வொரு துகளும் தண்ணியில வேற வேற கோணத்துல நிக்குது. எது எந்தக் கோணம்னு கணினிதான் கண்டுபிடிக்கணும். இதுக்கான கணித முறைகளை 1970களிலிருந்து உழைத்து உருவாக்கியவர் யோவாக்கிம் ஃப்ராங்க்.

இதுல வைரஸ்களுக்கு ஒரு தனிச் சலுகை இருந்தது. 1956-லேயே கிரிக்கும் வாட்சனும் ஒரு விஷயம் சொன்னாங்க. வைரஸோட மரபணு ரொம்பச் சின்னது. பெரிய கூட்டுக்குத் தேவையான நூறு வகைப் புரதத்தை எழுதி வைக்க அதுல இடமில்லை. அதனால ஒரே புரதத்தைத் திரும்பத் திரும்ப அடுக்கித்தான் கூடு கட்ட முடியும். 1962-ல காஸ்பரும் க்ளூக்கும் அந்த அடுக்குக்கான கணக்கைச் சொன்னாங்க. கால்பந்தை நினைச்சுக்குங்க: 12 ஐங்கோணம், 20 அறுகோணம். கோள வடிவ வைரஸ் பலதுக்கும் இதுதான் பிளான். ஒரு பந்தை 60 விதமாத் திருப்பினாலும் ஒரே மாதிரி தெரியும். அப்போ ஒரு வைரஸ் படம் கிடைச்சா, 60 படம் கிடைச்ச மாதிரி. வேற எந்தப் புரதத்துக்கும் முன்னாடி, வைரஸ்கள் இந்தத் துறையில தெளிவாத் தெரிஞ்சதுக்கு இதுதான் காரணம்.

1988-ல ரோட்டா வைரஸோட முப்பரிமாண வடிவம் இப்படித்தான் வந்தது. குழந்தைகளுக்கு உயிருக்கே ஆபத்தான வயிற்றுப்போக்கைக் கொண்டு வர்ற வைரஸ். இந்த வேலையின் முதல் பெயர் பி.வி. வெங்கட்ராம் பிரசாத். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்திலிருந்து அமெரிக்கா போனவர். ஆனா அப்போ தெளிவு குறைவு. கூட்டோட அடுக்குகள், மேல நீட்டிக்கிட்டு இருக்கிற முட்கள் எல்லாம் தெரியும், அணு அளவுக்குத் தெரியாது. இந்தத் துறையையே 'உருண்டை பார்க்கிற சயின்ஸ்'னு கிண்டல் பண்ணின காலம்.

அகத்தி மரத்துல இருந்து ஒரு வைரஸ்

அந்தக் காலத்துல அணு அளவுல வைரஸைப் பார்க்கணும்னா ஒரே வழி, எக்ஸ்-ரே. அதுக்கு வைரஸ்களை உப்புக்கல் மாதிரி படிகமா வளர்க்கணும். மாசக்கணக்குல காத்திருக்கணும், பல வைரஸ்கள் படிகமாகவே ஆகாது.

இந்தியாவுல அதைச் செஞ்சவங்க பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் எம்.ஆர்.என். மூர்த்தியும் எச்.எஸ். சாவித்திரியும். எந்த வைரஸ்? அகத்தி மரத்துல தேமல் நோய் கொண்டு வர்ற வைரஸ். நாம பொரியல் பண்ற, மாட்டுக்குக் கொடுக்கிற அதே அகத்தி. திருப்பதி வட்டாரத்து அகத்தி மரங்கள்ல, ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகத்தின் எம்.வி. நாயுடு குழு அதைப் பிரித்தெடுத்திருந்தது. 1995-ல அதோட அமைப்பு 3 ஆங்ஸ்ட்ராம் தெளிவில் வெளியானது. ஒரு ஆங்ஸ்ட்ராம்னா நானோமீட்டர்ல பத்துல ஒரு பங்கு. ஒரே புரதம், 180 பிரதிகள், அதே கால்பந்து பிளான்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது அதுக்கப்புறம் அவங்க செஞ்சது. இந்தக் கூட்டை யார் கட்டுறா? மேஸ்திரி யாரும் கிடையாது. அந்தப் புரதத்துக்கான மரபணுவை ஈ.கோலை பாக்டீரியாவுக்குள்ள வச்சா, புரதம் உருவாகி, தானாவே கூடா சேர்ந்துக்குது. அப்போ "180 பேர் சேரணும்"ங்கற கட்டளை அந்தப் புரதத்துலேயே எங்கேயோ எழுதியிருக்கணும். எங்கே?

நாங்க பழைய கோடு கிடைச்சா என்ன பண்ணுவோம்? சில வரிகளை எடுத்துட்டு ஓட்டிப் பார்ப்போம், எது உடையுதுன்னு. அதேதான் அவங்களும் பண்ணினாங்க. புரதத்தோட ஆரம்பத்துல வால் மாதிரி ஆடிக்கிட்டு இருக்கிற 65 அமினோ அமிலங்களை வெட்டினாங்க. கூடு உருவாச்சு. ஆனா 180 இல்லை, 60 புரதம் மட்டுமே உள்ள குட்டிப் பந்து. ஆக, பந்தோட அளவைத் தீர்மானிக்கிறதுல அந்த வாலுக்குப் பங்கு இருக்கு. இன்னொரு பகுதி, மூணு புரதங்கள் கைகோத்து வளையம் மாதிரி நிக்கிற இடம், அதுதான் அளவைத் தீர்மானிக்குதுன்னு பலர் நம்பிக்கிட்டு இருந்தாங்க. அதை எடுத்துட்டுப் பார்த்தா, 180 புரதக் கூடு அப்பவும் நல்லாவே உருவாச்சு. படத்தைப் பார்த்து ஊகிக்கிறது ஒண்ணு, வெட்டிப் பார்த்து உறுதி பண்றது வேற.

இரைச்சல்ல இருந்து ஐன்ஸ்டீன்

இப்போ ஒரு ஆபத்தான விஷயம். சராசரி எடுத்தா சிக்னல் வரும்னு சொன்னேன் இல்லையா? சிக்னலே இல்லாத இடத்திலும் வரும்.

கேம்பிரிட்ஜ் விஞ்ஞானி ரிச்சர்ட் ஹென்டர்சன் 2013-ல ஒரு கட்டுரை எழுதினார். அதுல ஒரு உதாரணம்: வெறும் இரைச்சல் மட்டுமே உள்ள ஆயிரம் படங்களை எடுத்துக்குங்க. ஒவ்வொண்ணையும் ஐன்ஸ்டீன் போட்டோவோட ஒப்பிட்டு, எந்த நிலையில அதிகமாப் பொருந்துதோ அப்படி நகர்த்தி வையுங்க. இப்போ சராசரி எடுங்க. ஐன்ஸ்டீன் முகம் வரும். ஆயிரம் படத்துலயும் ஐன்ஸ்டீன் கிடையாது. நாம தேடினது நமக்குக் கிடைச்சிருக்கு, அவ்வளவுதான்.

இது சும்மா விளையாட்டுக்கு எழுதினது இல்லை. அந்த வருஷம் எச்.ஐ.வி. வைரஸோட முள்ளுக்கு ஒரு குழு வெளியிட்ட வடிவத்தைப் பற்றி, ஹென்டர்சன் உட்படப் பலர் இதே சந்தேகத்தைத்தான் எழுப்பினாங்க. எய்ட்ஸ் தடுப்பூசிக்கு அந்த வடிவத்தை நம்பித்தான் வேலை நடக்கணும். தப்பான வடிவத்தை நம்பினா, வருஷக்கணக்கான உழைப்பு வீணாப் போகும்.

இதை எங்க சித்தப்பாகிட்ட ஒருநாள் சொன்னேன். மக்காச்சோளம் போடுறவர். கேட்டுட்டு, "அப்படின்னா, இவனுங்க நெனச்சதத்தான பார்த்திருக்கானுங்க? அப்புறம் எப்படிடா தம்பி நம்புறது?" என்றார். கரெக்ட். அதனாலதான் இந்தத் துறைக்குச் சோதனைகள் தேவைப்பட்டது. ஒண்ணு: படங்களை இரண்டு பாதியாப் பிரிச்சு, ஒண்ணுக்கொண்ணு தெரியாம தனித்தனியா வடிவம் கட்டணும். இரண்டும் எந்த அளவுக்கு ஒத்துப்போகுதோ, அந்தத் தெளிவை மட்டும்தான் சொல்லிக்கலாம்.

இன்னொரு சோதனை, நம்ம சென்னையில பிறந்தது.

ஜி.என். ராமச்சந்திரன் 1952-ல சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு இயற்பியல் பேராசிரியரா வந்தார். கிண்டி வளாகம். நம்ம தோல், எலும்பு, தசைநாண் எல்லாத்துலயும் இருக்கிற கொலாஜன் புரதம் மூணு இழை முறுக்கின கயிறு மாதிரின்னு 1954-ல கோபிநாத் கர்த்தாவோட சேர்ந்து சொன்னார். பிறகு அந்த மாதிரியில சில அணுக்கள் ரொம்ப நெருக்கமா இருக்குன்னு வெளிநாட்டுல இருந்து விமர்சனம் வந்தது. அவர் அதைக் கோபத்தோட விட்டுடல. "சரி, இரண்டு அணு எவ்வளவு நெருங்கலாம்னு முதல்ல கணக்குப் போடுவோம்"னு உட்கார்ந்தார். புரதச் சங்கிலியோட ஒவ்வொரு கண்ணியும் இரண்டு கோணத்துல திரும்பலாம். எந்தெந்தக் கோணத்துல திரும்பினா அணுக்கள் இடிச்சுக்காது? சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரனோட சேர்ந்து, கணினி கைக்கு எட்டாத காலத்துல, அதை வரைபடமாப் போட்டார். 1963-ல வெளியானது. உலகம் அதை ராமச்சந்திரன் வரைபடம்னு சொல்லுது.

இன்னைக்கு உலகத்துல யார் புரத அமைப்பை வெளியிட்டாலும், வைரஸோ வேற எதுவோ, அதை இந்த வரைபடத்துல வச்சுப் பார்ப்பாங்க. அனுமதி இல்லாத கட்டத்துல நிறைய கண்ணிகள் விழுந்தா, எங்கேயோ தப்புன்னு அர்த்தம். நெனச்சதைப் பார்க்கிற மனசை, இடம் கொடுக்காத அணு தடுத்துடும். என் பாஷையில சொன்னா, உலகத்துல ஓடுற எல்லாப் புரத மாடலுக்கும் பொதுவான டெஸ்ட் கேஸ் கிண்டியில எழுதினது.

பன்னிரண்டு நாள்

2013 வாக்குல எல்லாம் ஒண்ணு சேர்ந்தது. எலக்ட்ரானை நேரடியாப் பதிவு பண்ற டிடெக்டர்கள் வந்தது. ஒரு போட்டோவுக்குப் பதிலா குட்டி சினிமா மாதிரி எடுக்கும். எலக்ட்ரான் பட்டு சாம்பிள் அசைஞ்சாலும், ஃப்ரேம் ஃப்ரேமா நகர்த்திச் சரி பண்ணலாம். ஷோர்ஸ் ஷெரஸ் எழுதின ரிலையான், பிறகு டொரான்டோவில் உருவான கிரையோஸ்பார்க் போன்ற மென்பொருள்கள் வந்தது. படிகம் தேவையில்லாமலேயே அணு அளவுக்குக் கிட்டத்தட்ட போயிட்டாங்க. 2017-ல துபொஷே, ஃப்ராங்க், ஹென்டர்சன் மூணு பேருக்கும் வேதியியல் நோபல்.

மூணு வருஷத்துல கொரோனா. 2020 ஜனவரி இரண்டாவது வாரத்தில் வைரஸோட மரபணு வரிசை வெளியாச்சு. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜேசன் மெக்லெல்லன் குழு அதை வச்சு ஸ்பைக் புரதத்தைத் தயாரிச்சது. 3,207 குட்டி சினிமாக்கள் எடுத்தாங்க. 3.5 ஆங்ஸ்ட்ராம் தெளிவு. சாம்பிள் கைக்கு வந்து ஏறக்குறைய பன்னிரண்டு நாள்ல வடிவம் ரெடி.

பன்னிரண்டு நாள்னு கேட்டா மாயாஜாலம் மாதிரி இருக்கும். ஆனா அந்தக் குழு முந்தைய வருஷங்களில் மெர்ஸ் வைரஸோட ஸ்பைக்ல ஏற்கெனவே ஒரு பாடம் கத்துக்கிட்டு வந்திருந்தது. இந்த முள்ளு எலிப்பொறி மாதிரி. செல்லைத் தொட்டதும் சட்டுனு விரிஞ்சு வேற வடிவத்துக்குப் போயிடும். தடுப்பூசிக்குத் தேவை விரியாத வடிவம். அதனால கீல் இருக்கிற இடத்துல இரண்டு புரோலின் வச்சாங்க. புரோலின்ங்கறது வளையம் போட்ட, விறைப்பான அமினோ அமிலம். ராமச்சந்திரன் வரைபடத்துல அதுக்கு அனுமதிச்ச இடம் ரொம்பக் குறுகல். வளையவே வளையாது. பொறியில குச்சி வச்சு அடைச்ச மாதிரி. ராமச்சந்திரன் முதல்ல கையில எடுத்த கொலாஜனும் புரோலின் நிறைஞ்ச புரதம்தான். அந்தக் கயிறு உறுதியா நிக்கிறதுக்கும் அந்த விறைப்பு ஒரு காரணம். ஃபைசர், மாடர்னா தடுப்பூசிகள்ல இருக்கிறது இந்த இரட்டைப் புரோலின் ஸ்பைக்.

அப்புறம் அந்த முள்ளைத் தனியா எடுக்காம, வைரஸ் மேலேயே வச்சும் பார்த்தாங்க. சராசரியா ஒரு வைரஸ் மேல இரண்டு டஜன் முள்ளுதான். ஓவியத்துல இருந்த மாதிரி விறைப்பாவும் நிக்கல. காம்புல மூணு இடத்துல மடியும். அந்த மூணு மடிப்புக்கும் அவங்க வச்ச பேர்: இடுப்பு, முழங்கால், கணுக்கால்.

நம்ம கைக்கு வந்தது எது?

இங்கே நேர்மையா ஒண்ணு சொல்லணும். 2021 ஜனவரி 16-ல இந்தியாவுல தடுப்பூசி தொடங்கிச்சு. எங்க ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துல வரிசையில நின்னு போட்டுக்கிட்டது கோவிஷீல்டு அல்லது கோவாக்சின். இரண்டுலயும் அந்த இரட்டைப் புரோலின் கிடையாது. கோவாக்சின் முழு வைரஸைச் செயலிழக்கச் செய்தது. கோவிஷீல்டு, சிம்பன்சி அடினோ வைரஸ் வழியா ஸ்பைக்கை உருவாக்கச் சொல்றது, ஸ்பைக்கில் அந்த மாற்றம் இல்லாமல். அது நம்ம செல் மேல சரியான வடிவத்துலதான் ஸ்பைக்கை நிறுத்துதான்னு பிரிட்டன் விஞ்ஞானிகள் 2021-ல கிரையோ மைக்ராஸ்கோப் வச்சே சோதிச்சாங்க. பெரும்பாலும் விரியாத வடிவத்துல நிக்கறதைப் பார்த்தாங்க.

ஆக, பிப்ரவரியில முள்ளோட வடிவம் தெரியும். மே மாசம் வைரஸ் அரியலூருக்கு வந்துடுச்சு. தடுப்பூசி அடுத்த ஜனவரியில. பார்க்கிறதுக்கு எடுத்தது பன்னிரண்டு நாள். பார்த்தது ஒரு ஊருக்கு வந்து சேர ஏறக்குறைய ஒரு வருஷம். அந்த இடைவெளியை மைக்ராஸ்கோப் நிரப்பாது. தொழிற்சாலை, சோதனை, விலை, குளிர்பதனப் பெட்டி, நர்ஸ் அக்கா எல்லாரும் சேர்ந்துதான் நிரப்பணும்.

இன்னொரு இடைவெளியும் இருக்கு. 1995-லேயே வைரஸை அணு அளவுல பார்த்த நாடு இது. ஆனா உயர்தர கிரையோ மைக்ராஸ்கோப் ஒண்ணோட விலை பல கோடி. அது இங்க வந்து, எல்லா ஆய்வாளர்களும் பயன்படுத்தக்கூடிய தேசிய வசதியா பெங்களூரு என்.சி.பி.எஸ். வளாகத்துல அமைய 2010களின் கடைசி வரை ஆச்சு. அதை நடத்துற வினோத்குமார், கேம்பிரிட்ஜில் ஹென்டர்சனோடு வேலை பார்த்தவர். கருவி வந்ததும் வேலையும் வந்தது. இந்திய அறிவியல் கழகத்தில் சோம்நாத் தத்தா குழு கொரோனா ஸ்பைக் எப்படியெல்லாம் அசையுதுன்னு 2021-ல வெளியிட்டது. அடுத்த வருஷம் அதே கழகத்தில் ஜயந்தா சாட்டர்ஜி குழு ஒரு குட்டிப் புரதத்தை வடிவமைச்சது. அது இரண்டு ஸ்பைக்குகளைத் தலையோட தலை சேர்த்துப் பூட்டிடுது. பூட்டின ஸ்பைக்கால செல்லைப் பிடிக்க முடியாது. எலி போன்ற ஹாம்ஸ்டர்கள்ல சோதிச்சாங்க. பூட்டு நிஜமாவே அப்படித்தான் விழுதுன்னு காட்டினது கிரையோ படம்.

இவங்க இரண்டு பேரும் வேலை பார்க்கிற துறை பேரு, மூலக்கூறு உயிரியற்பியல் பிரிவு. அகத்தி வைரஸைப் பார்த்த மூர்த்தியும் அங்கேதான் இருந்தார். அந்தத் துறையைத் தொடங்கினவர், 1970களின் தொடக்கத்தில் சென்னையை விட்டு பெங்களூரு போன ஜி.என். ராமச்சந்திரன்.

கிண்டியில ஒரு விமர்சனத்துக்குப் பதில் சொல்லப் போட்ட கணக்கு, திருப்பதியில ஒரு மரத்து இலையில தெரிஞ்ச மஞ்சள் தேமல், ஹைடல்பர்க்ல உறைய வச்ச தண்ணி. இதுல எதுவுமே கொரோனாவுக்காக நடந்தது இல்லை. யாருக்கு எப்போ உதவும்னு தெரியாமலே செஞ்சது. அகத்தி மரத்து வைரஸுக்கு எதுக்குப் பணம்னு யாராச்சும் கேட்டா, அடுத்த தடவை இதைச் சொல்லுங்க.

இந்த எபிசோடைப் பத்தி உங்க ஊர்ல இருந்து கேள்வி இருந்தா எழுதுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.